சென்னையிலிருந்து குமரி வரை: கிழக்குக் கடற்கரையில் எப்போது, எங்கே சாப்பிடுவது?

கடற்கரைப் பயணம் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஊரில் எந்தக் கடை நன்றாக இருக்கும்?" என்பதுதான். கேள்வி சரி, வரிசைதான் தப்பு. கடற்கரையில் எப்போது என்பதை முடிவு செய்த பிறகே எங்கே என்று யோசிக்க வேண்டும். ஒரே கடை, ஒரே சமையல்காரர், ஒரே மசாலா என்றாலும் மதியம் ஒரு மணிக்குப் போனால் அன்று காலை கரைக்கு வந்த மீன் இலைக்கு வரும். இரவு ஒன்பதரைக்குப் போனால் ஐஸ் பெட்டியில் எஞ்சிய துண்டு வரும். பெயர் பெற்ற கடையைத் தேடி ஊரெல்லாம் சுற்றி, மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்து, "சாப்பாடு முடிந்துவிட்டது, ஏழு மணிக்கு மேல் பரோட்டாவுக்கு வாருங்கள்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிற்கும் குடும்பங்களை இந்தச் சாலையில் எந்த ஊரிலும் பார்க்கலாம்.

முதல்முறையாகச் சென்னையிலிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரில் போனாலும் பஸ்ஸில் போனாலும் பொருந்தும். கடைப் பெயர்கள் தரவில்லை. சமையல்காரர் போய்விட்டால் கடை மாறிவிடும், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும். நல்ல கடையைக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்தால் பெயர் தேவைப்படாது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகு, வள்ளம், கட்டுமரம் ஆகியவற்றுக்குத் தடை கிடையாது. பள்ளிக்கூட விடுமுறையும் அதே மாதங்களில்தான் வருகிறது. ஊரே குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பும் நேரத்தில் பெரிய படகுகள் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்.

அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். கேட்கும் மீனை மாற்றினால் போதும். தடைக்காலத்தில் வஞ்சிரம், வவ்வால் என்று பெரிய மீனைக் கேட்டால் வெளியூரிலிருந்து ஐஸில் வந்தது கிடைக்கும், விலையும் தலைக்கு மேல் போகும். நெத்திலி, மத்தி, காரல், கிழங்கான் போன்ற சிறிய மீன்களும் கழிமுகத்து இறாலும் நண்டும் நாட்டுப்படகுக்காரர்கள் அன்றாடம் கொண்டுவருபவை. "நாட்டுப்படகு மீன் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேள்வியே உங்களை விவரம் தெரிந்தவராகக் காட்டிவிடும்.

குமரி மாவட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைத் தடைக்கு உட்பட்டது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகியவை மேற்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான் தடை. ஆகவே மே மாதத்தில் கன்னியாகுமரிக்குப் போகிறவர், கொஞ்ச தூரம் மேற்கே நகர்ந்து நாகர்கோவில், குளச்சல் பக்கம் சாப்பிட்டால் விசைப்படகு மீனே கிடைக்கும். ஜூன் பின்பாதியில் இது தலைகீழாகிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் நாட்கணக்கில் கிளம்பாது. அந்த நாட்களில் மீன் கடையில் மீன் இருக்கிறதே என்று மகிழ்வதைவிட, எங்கிருந்து வந்தது என்று கேட்பது நல்லது. அதற்குச் சற்று முன், புரட்டாசியில், உள்ளூரில் பாதிப்பேர் அசைவத்தை விட்டுவிடுவதால் மீன் விலை இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு நல்ல பருவம்.

ரம்ஜான் மாதத்தில் நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் வழியாகப் போனால் பகலில் பல கடைகள் மூடியிருக்கும். மாலையில் நோன்புக் கஞ்சியோடு தெருவே விழித்துக்கொள்ளும். அந்த ஊர்களை அந்த மாதத்தில் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் சிறிது நேரம் மூடும்.

பிறகு கிழமை, அப்புறம் கடிகாரம்

கிழமைக்கும் மீனுக்கும் நேரடிக் கணக்கு இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். விசைப்படகு பெரும்பாலும் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கிளம்பி மறுநாள் காலை திரும்பும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியங்களில் பெரிய மீன் நிறைய இருக்கும். தூத்துக்குடியிலும் அதற்குத் தெற்கே உள்ள கத்தோலிக்க மீனவ ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அங்கே திங்கட்கிழமை மதியம் தட்டில் இருக்கும் மீன் சனிக்கிழமை பிடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். திங்களன்று தூத்துக்குடியில் இருந்தால் மீனை மறந்துவிட்டு இரவு பரோட்டாவுக்குக் காத்திருப்பதே என் வழக்கம்.

நாளின் நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறரை முதல் ஒன்பது வரை டிபன். இட்லி, பொங்கல், ஆப்பம், தெற்கே போனால் புட்டு. இந்த வேளையில் அசைவம் தேட வேண்டாம். மீன்குழம்பு அப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கும். முந்தைய நாள் மீன்குழம்பை இட்லிக்கு ஊற்றும் கடை கிடைத்தால் அது வேறு விஷயம். அதைத் தவறவிடக்கூடாது.

பன்னிரண்டரை முதல் இரண்டு வரை மதியச் சாப்பாடு. கடற்கரைப் பயணத்தில் ஒருநாளின் பிரதான வேளை இதுதான். இந்த ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் காலையில் வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கோயிலையும் கோட்டையையும் முன்னே பின்னே நகர்த்தலாம், மீன்குழம்பை நகர்த்த முடியாது.

நான்கிலிருந்து ஆறரை வரை பலகாரம், டீ, சுக்குக் காபி. ஏழரைக்கு மேல் பரோட்டா, தோசை, இடியாப்பம். சிறிய ஊர்களில் பத்து மணிக்குள் கடையடைப்பு முடிந்துவிடும். தூத்துக்குடி மாதிரி பரோட்டா ஊர்கள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

கடைக்குள் நுழையும் முன்

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, வெளியே நின்று, யார் சாப்பிடுகிறார்கள் என்று. லுங்கியும் துண்டுமாகத் துறைமுகத்து ஆட்கள், வங்கிப் பணியாளர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் ஆகிய மூன்று வகையினரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் யோசிக்காமல் நுழையலாம். மருந்துப் பிரதிநிதிகளை நான் பெரிதும் நம்புகிறேன். ஊர் ஊராகச் சுற்றிச் சாப்பிடுகிறவர்கள், கைக்காசையும் கணக்குப் பார்க்கிறவர்கள். வெளியூர்ப் பதிவெண் கார்கள் மட்டுமே நிற்கும் கடையில் எனக்கு ஆர்வம் குறைவு.

இரண்டாவது, உள்ளே போனதும், மீன் தட்டு. நல்ல மெஸ்களில் நீங்கள் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் ஒருவர் பெரிய எவர்சில்வர் தட்டோடு வந்து நிற்பார். அதில் பொரித்த வஞ்சிரத் துண்டு, முழுச் சங்கரா, நெத்திலி, கணவாய், இறால் தொக்கு, ஓரத்தில் சினை. விரலைக் காட்டினால் இலைக்கு வந்துவிடும். இந்தத் தட்டை அவசரமில்லாமல் பாருங்கள். ஓரம் கருகி, நடு காய்ந்து, மசாலா சுருங்கியிருந்தால் அது இரண்டாம் முறை எண்ணெயில் விழுந்தது. மசாலா ஈரப்பதத்தோடு மீனோடு ஒட்டியிருந்தால் சரி. "சூடாகப் போட்டுத் தர முடியுமா அண்ணே?" என்று கேட்பதில் தவறே இல்லை. "பத்து நிமிடம் ஆகும்" என்று சொல்லும் கடை நம்பத்தக்கது. "இதுவே சூடுதான்" என்று தட்டை நகர்த்தும் கடையில் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று: பல மெஸ்களில் சாதாரணச் சாப்பாட்டுக்கே மீன்குழம்பு, கோழிக்குழம்பு எல்லாம் தாராளமாக ஊற்றுவார்கள். குழம்புக்குத் தனிக் காசு இல்லை. துண்டு கேட்டால்தான் காசு. ஆகவே நான்கு பேர் போனால் நான்கு சாப்பாடு, இரண்டு வறுவல் என்று தொடங்கி, பிறகு தேவைக்கு வாங்கலாம். முதலிலேயே தட்டைக் காலி செய்கிறவர்களின் பில்தான் நீளும்.

விலையை முதலில் கேளுங்கள். "அளவுக்கேற்ற விலை" என்று பலகையில் எழுதியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். எடை போட்டு விற்கும் இடத்தில் கேட்க வேண்டியவை மூன்று: எடை முழு மீனுக்கா, சுத்தம் செய்த பிறகா? சமைக்கும் கூலி சேர்த்தா, தனியா? வரி சேர்த்தா, தனியா? இதை மீன் அடுப்பில் ஏறுவதற்கு முன் கேட்டால் பேச்சு இனிமையாக முடியும்.

பெயரிலும் ஏமாறாதீர்கள். சென்னையில் வஞ்சிரம் என்பது ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் சீலா, குமரியில் நெய்மீன். ஆனால் சென்னையில் ஷீலா என்று விற்பது ஊளி வகை. விலையும் ருசியும் வேறு. சென்னைக் கானாங்கெளுத்தி தெற்கே அயிலை, மத்தி அங்கே சாளை. பெயரைச் சொல்லி வாதாடுவதைவிட மீனைக் காட்டச் சொல்வது எளிது.

சென்னை முதல் புதுச்சேரி வரை

இந்த 150 கிலோமீட்டரில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. நல்ல சாப்பாட்டுக்குக் கொஞ்சம் உண்டு. சாலையோரத்தில் வண்டி நிறுத்த இடம், விளையாட்டுத் திடல், பெரிய பலகை எல்லாவற்றோடும் நிற்கும் உணவகங்கள் வாரயிறுதிச் சென்னைவாசிகளுக்காக எழுந்தவை. கழிப்பறை சுத்தமாக இருக்கும், சாப்பாடு நகரத்துச் சாப்பாடாக இருக்கும். காலை டிபனைச் சென்னையிலேயே முடித்துவிட்டு மதியத்துக்குப் புதுச்சேரி போய்விடுவது எளிய திட்டம்.

மாமல்லபுரத்தில் நிற்பதாக இருந்தால் ஒத்தவாடைத் தெருவுக்கும் கடற்கரைக்கும் நடுவே உள்ள கடைகளுக்குப் போகலாம். வெளிநாட்டுப் பயணிகளுக்காகப் பழகிய சமையல். காரம் குறைவு, பூண்டும் எலுமிச்சையும் வெண்ணெயும் போட்டுச் சுட்ட மீன். பச்சை மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டிப் பேரம் பேசுவார்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கு இங்கேதான் அதிக வேலை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தக் காரமில்லாத மீன் நல்ல தொடக்கம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதி உணவகங்களைப் பார்த்துவிட்டு வருவதில் தவறில்லை. மதியம் மூன்றுக்கு அடுப்பை அணைத்தால் ஏழு மணிக்குத்தான் மறுபடி ஏற்றுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். என்னைக் கேட்டால், அங்கே இரவுச் சாப்பாட்டைவிடக் காலையில் பேக்கரியில் வாங்கும் நீள ரொட்டியும் காபியும் மேல். காலையில் கூபேர் மார்க்கெட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அன்று என்ன மீன் வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் மதியம் எதைக் கேட்பது என்பதில் குழப்பம் இராது.

கடலூர் முதல் வேளாங்கண்ணி வரை

சிதம்பரம் கடலிலிருந்து சற்று உள்ளே இருந்தாலும் காலை டிபனுக்காக நிற்க வேண்டிய ஊர். கத்திரிக்காய்க் கொத்சு அங்கே இட்லிக்குத் துணை. நடராஜர் கோயிலில் சம்பா சாதமும் கொத்சும் நைவேத்தியம். சாம்பார் ஊற்றிய பிறகு கொத்சு கேட்காதீர்கள். வெறும் இட்லிக்குக் கொத்சு மட்டும் வைத்துத் தரச் சொல்லுங்கள். பிச்சாவரம் போகிறவர்கள் இதை முடித்துக்கொண்டு போவது நல்லது.

தரங்கம்பாடி, பூம்புகார் இரண்டும் பார்க்க அழகு, சாப்பிடச் சுமார். மதியத்துக்குக் காரைக்காலோ நாகப்பட்டினமோ போய்விடுங்கள். நாகப்பட்டினம் பெரிய மீன்பிடித் துறைமுகம். அக்கரைப்பேட்டைப் படகுகள் நிறைந்து வரும் நாளில் சாதாரண மெஸ்ஸில்கூட மீன் பிரமாதமாக இருக்கும்.

நாகூரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தர்கா அலங்கார வாசல் பக்கத் தெருக்களில் வாடா பொரிக்க ஆரம்பிப்பது அப்போதுதான். அரிசி மாவோடு வெங்காயமும் இறாலும் சேர்த்துத் தட்டிப் பொரித்த பலகாரம் அது. மேலே பதித்த இறால் மொறுமொறுவென்றும் உள்ளே மாவு மெத்தென்றும் இருக்க வேண்டும். ஆறினால் ரப்பர். பார்சல் வாங்கி அறைக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று தின்ன வேண்டும்.

வேளாங்கண்ணியில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே மிளகாய்த்தூளில் சிவக்கச் சிவக்கப் புரட்டிய மீன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்தால் நாக்கு ஊறும். காலையிலிருந்து வெயிலில் இருப்பவை, எண்ணெய் முந்தைய நாளையது என்ற சந்தேகத்தோடு அணுகுங்கள். வாங்குவதானால் மசாலா தடவாத மீனைத் தேர்ந்து, கண் முன்னே தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் ஆண்டுத் திருவிழாவின்போது எந்தக் கடையிலும் ருசியை எதிர்பார்க்க முடியாது. இட்லி, தயிர் சாதம், வாழைப்பழத்தோடு சமாளித்துவிட்டு நகர்ந்துவிடுவதே மேல்.

வேதாரண்யம் முதல் ராமநாதபுரம் வரை: கவனம்

இந்த வழிகாட்டியை ஒருமுறை மட்டும் படிப்பவர்கள் இந்தப் பகுதியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டிய பிறகு கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ஊர்கள் வரும். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் குறைவு, அவையும் நேரத்துக்கு மூடிவிடும். சாலை நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனால் மூன்று மணிக்கு ஒரு பெட்டிக்கடையில் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்க வேண்டிவரும்.

வழி இதுதான். பன்னிரண்டரைக்கு அதிராம்பட்டினமோ தொண்டியோ எது அருகிலிருக்கிறதோ அங்கே நின்றுவிடுங்கள். இரண்டுமே கடலோர முஸ்லிம் ஊர்கள். மீன் ஆணம் (குழம்பு), ஆட்டிறைச்சி, பிரியாணி எல்லாம் சின்னக் கடையிலும் கைப்பக்குவத்தோடு இருக்கும். சைவர்கள் பட்டுக்கோட்டை வழியாகப் போய் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தண்ணீரும் பழமும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். இந்தக் கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும்.

ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும்

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் சைவம். வட இந்திய யாத்திரிகர்கள் ஏராளமாக வருவதால் ரொட்டி, தால், கிச்சடி கிடைக்கும் கடைகளும் சத்திரங்களும் உண்டு. கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. மீன் வேண்டுமானால் கோயில் பக்கமிருந்து விலகித் துறைமுகப் பக்கமோ, தங்கச்சிமடம், பாம்பன் சாலையோரமோ போக வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து மறுபடி ரயில்கள் தீவுக்குள் வருவதால் பஸ் நிலையப் பகுதியைப் போலவே ரயில் நிலையப் பக்கமும் கூட்டம். அதிகாலை ரயிலில் இறங்குகிறவர்கள் முதலில் காபி மட்டும் குடித்துவிட்டு, தீர்த்தமாடி, தரிசனம் முடித்த பிறகு டிபனுக்கு உட்காருவதே வழக்கம். கோயில் தீர்த்தங்களில் நனைந்த துணியோடு எந்தக் கடையிலும் உட்கார விடமாட்டார்கள்.

தனுஷ்கோடிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், போய்ச் சாப்பிடவும் செய்யலாம். சாலையோரக் கீற்றுக் கொட்டகைகளில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் கல்லில் மீன் பொரிக்கிறார்கள். வாளியில் இருக்கும் மீனை நீங்களே எடுத்துக் காட்டலாம்: செவுள் நல்ல சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். "அக்கா, காரம் குறைத்துப் போடுங்கள்" என்றால் குறைத்துத்தான் போடுவார்கள், ஆனால் அவர்கள் கணக்கில் குறைவு. கல்லில் மீன் வேகும்போது காற்றில் மணலும் வந்து விழும். கொட்டகையின் உள்பக்கத்துக் கல்லில் பொரிப்பவரைத் தேர்ந்தெடுங்கள். மாலைக்குப் பிறகு தனுஷ்கோடியில் தங்க அனுமதி இல்லை. மதியம் ஒரு மணிக்கு அங்கே இருக்கும்படி திட்டமிடுவது உத்தமம்.

கீழக்கரை, தூத்துக்குடி, திருச்செந்தூர்

இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பலகாரத்துக்கென்றே ஒருநாள் ஒதுக்கலாம்.

கீழக்கரையில் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்துக் கைவலிக்கக் கிண்டியது. கடல் வணிகத்தோடு தென்கிழக்காசியாவிலிருந்து வந்த பண்டம். துண்டு துண்டாக விற்பார்கள். விரலில் எண்ணெய் மினுக்கும், பல்லில் ஒட்டாது. ஒட்டினால் பழையது.

தூத்துக்குடிக்கு மாலையில் போய்ச் சேருவது வசதி. முதல் வேலை மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான். கூம்பு வடிவத்தில் சுழித்துச் சூளையில் உலர வைக்கிறார்கள். போர்ச்சுகீசியர் காலத் தொடர்பு என்பார்கள். கடற்காற்றில் சீக்கிரம் நமத்துவிடும் என்பதால் ஊருக்குக் கொண்டுபோவதற்கு வாங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். இரவுக்குப் பரோட்டா. கல்லில் போட்டதை மட்டும் தின்று பழகியவர்கள் இங்கே எண்ணெயில் பொரித்த பரோட்டாவை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊறவிடுவதற்கு முன் முதல் விள்ளலை வெறுமனே தின்ன வேண்டும். இரண்டுக்கு மேல் ஆசைப்பட்டால் மறுநாள் மதியச் சாப்பாடு வீண்.

காயல்பட்டினத்தின் களறிச் சாப்பாடு கல்யாண வீட்டு விருந்து. நெய்ச்சோறு, களறிக் கறி, கத்திரிக்காய் மாங்காய் என்று ஒரே தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாராவது வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். அழைப்பு இல்லாதவர்கள் வட்டிலப்பம், தம்மடை ஆகிய இனிப்புகள் எங்கே கிடைக்கும் என்று தெருவில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

திருச்செந்தூரில் கோயில் பக்கம் சைவம், நாள் முழுவதும் அன்னதானம். கூட்ட நாட்களில் அன்னதான வரிசை வெளியிலுள்ள ஹோட்டலைவிட வேகமாக நகரும். அருகிலுள்ள உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். மார்ச் முதல் ஜூன் வரை இந்தச் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் பதநீர் தேட வேண்டும். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதநீரை ஊற்றி, நுங்கைக் கட்டைவிரலால் நோண்டி உள்ளே போட்டுத் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாக உறிஞ்ச வேண்டும். புதியவர்கள் கட்டாயம் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள். வெயில் ஏற ஏறப் பதநீர் புளிக்கத் தொடங்கும். பாட்டிலில் அடைத்து மதியம் விற்பதை நம்ப வேண்டாம்.

குமரி

உவரி, கூடங்குளம் தாண்டியதும் சாப்பாட்டின் முகம் மாறுகிறது. நல்லெண்ணெய் பின்னுக்குப் போய்த் தேங்காயெண்ணெய் முன்னுக்கு வரும். மீன்குழம்பில் தேங்காய் அரைத்து விட்டிருப்பார்கள். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) மசித்து மீன்குழம்போடு தருவார்கள். அதைச் சாப்பாட்டுக்குத் தொடுகறியாகக் கேட்காதீர்கள், அதுவே ஒரு வேளை உணவு. கன்னியாகுமரி முனையில் சூரிய உதயமும் அஸ்தமனமும் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாகர்கோவில் போய்விடுங்கள். முனையில் உள்ள கடைகள் ஒருமுறை வந்து திரும்பிப் போகிறவர்களுக்காகச் சமைக்கின்றன, நாகர்கோவில் கடைகள் நாளையும் வரப்போகிறவர்களுக்காக. அவியலும் பருப்பும் பப்படமும் வைத்த சாப்பாடு, மாலையில் ரசவடை, பழம்பொரி, சுக்குக் காபி. மட்டிப்பழம் சீப்பாக வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் தொடாதவர்களுக்கு

கடற்கரை என்றதும் பயப்பட வேண்டாம். சிதம்பரம், ராமேஸ்வரம், திருச்செந்தூர், நாகர்கோவில் நான்கும் உங்கள் ஊர்கள். இரவுத் தங்கலை அங்கே வையுங்கள். மெஸ்களில் சைவச் சாப்பாடு உண்டு என்பார்கள். அதே கரண்டி, அதே எண்ணெய் என்பதில் கூச்சம் உள்ளவர்கள் சைவம் என்று பலகை வைத்த கடையைத் தவிர மற்றதைத் தவிர்க்கலாம். பரோட்டாக் கடையில் சைவச் சால்னா கேட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சர்க்கரையோ தயிரோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்கு

சூரை, அயிலை போன்ற சதை கருத்த மீன்கள் வெயிலில் கிடந்து கெட்டால் அதில் உருவாகும் நஞ்சு நன்றாக வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடல் அரிக்கும். நாக்கில் மிளகு போல் சுரீரென்று பட்டால் அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் வாடா, தொக்கு, கருவாட்டுக் குழம்பு எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இறால் பொடி எங்கும் ஒளிந்திருக்கும். மூன்று நாளும் மூன்று வேளையும் அசைவம் வேண்டாம். ஒரு வேளை தயிர் சாதம் இருந்தால் மற்ற வேளைகள் ருசிக்கும். ஆமை இறைச்சி என்று யாராவது காதோரம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடலாமை பாதுகாக்கப்பட்ட உயிரினம், வாங்குவதும் குற்றம்.

திரும்பும்போது கருவாடு வாங்குவதானால் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக நொளநொளவென்றோ, உப்பு வெள்ளையாகப் பூத்தோ இருந்தால் வேண்டாம். நெத்திலியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். கடைக்காரரிடமே பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்று, மேலே பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று கட்டித் தரச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் அதைத் தலைக்கு மேலே உள்ள அடுக்கில் வைக்காமல் வண்டியின் அடிப்பகுதிச் சாமான் அறையில் போட்டுவிடுவது நல்லது. இரவு முழுவதும் பக்கத்து இருக்கைக்காரரின் பார்வையைத் தாங்க வேண்டியிருக்காது.